தினமும் ரெண்டு மணி நேரம் எல்லாருக்கும் கிடைக்காதுங்க
வேலைக்குப் போறவங்க ஆன்லைன் கோர்ஸுக்கு தினமும் ரெண்டு மணி நேரம் ஒதுக்கிப் படிக்கணும்னு உங்க கட்டுரைல சொல்லிருக்கீங்க, கடலூர் சிப்காட்ல ஷிப்ட் மாறி மாறி பாக்குற எனக்கு அது முடியவே இல்ல. நைட் ஷிப்ட் வாரத்துல பாடத்தையே தொட மாட்டேன். என்பிடெல்ல (ஐஐடி மாதிரி காலேஜ் வாத்தியாருங்க ஆன்லைன்ல பாடம் எடுக்குறது) 12 வார கோர்ஸ்ல வாராவாரம் வர்றதுல நல்ல மார்க் வந்த 8 அசைன்மென்ட்டைத்தான் கணக்குல எடுக்குறாங்க, அதுக்கு 25 மார்க், நேர்ல போய் எழுதுற பரீட்சைக்கு 75, அதனால ஒண்ணு ரெண்டு வாரம் விட்டா பயந்து கோர்ஸையே விட்டுடாதீங்க. வீடியோவ டவுன்லோட் பண்ணி வச்சுக்கிட்டு மஞ்சக்குப்பத்துலேர்ந்து பஸ்ல போறப்ப கேப்பேன், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்க எந்திரிக்கறதுக்குள்ள அசைன்மென்ட். முக்கியமா பரீட்சை தேதிய வீட்ல முன்னாடியே சொல்லிடுங்க, நான் சொல்லாம விட்டதுல அதே நாள்ல மச்சினிக்கு வளைகாப்பு வச்சிட்டாங்க, அந்தப் பரீட்சைய எழுதவே முடியல.