பிலிப்பியர் 2:12 இரட்சிப்பைச் சம்பாதிக்கச் சொல்லவில்லை

"பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படச் சொல்லியிருக்கிறது, ஆகவே உபவாசத்தாலும் தசமபாகத்தாலும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) இரட்சிப்பைச் சம்பாதிக்க வேண்டும், விட்டால் அது போய்விடும்" என்று, பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய கடிதத்தின் 2:12-ஐக் காட்டி ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். இது தவறு. பயந்த மனதோடு இதைப் படிப்பவர்களை நினைத்தே பதில் எழுதுகிறேன்.

முதலில், அடுத்த வசனத்தை அவர் விட்டுவிட்டார். விருப்பத்தையும் செய்கையையும் உங்களுக்குள் உண்டாக்குகிறவர் தேவனே என்று 2:13 சொல்கிறது. அப்புறம், கடிதம் யாருக்கு? கிறிஸ்து இயேசுவுக்குள்ளான பரிசுத்தவான்களுக்கு (1:1). ஏற்கெனவே கிருபையைப் பெற்றவர்கள் அதற்கேற்ப வாழச் சொல்லப்படுகிறார்கள். விலை கொடுத்து வாங்கச் சொல்லப்படவில்லை.

இதே கடிதத்தின் மூன்றாம் அதிகாரம்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. யூதச் சடங்கான விருத்தசேதனத்தை வற்புறுத்தியவர்களைக் குறித்து எச்சரிக்கையாயிருக்கச் சொல்லிவிட்டு, பவுல் தன் பிறப்பு, கண்டிப்பான யூதப் பிரிவான பரிசேயரின் ஒழுக்கம், மோசேயின் நியாயப்பிரமாண நீதி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, அத்தனையையும் நஷ்டம் என்கிறார். சுயநீதி வேண்டாம், கிறிஸ்துவைப் பற்றும் விசுவாசத்தால் வரும் நீதியே வேண்டும் என்று 3:9-ல் முடிக்கிறார். இதை எழுதியவரே முந்திய அதிகாரத்தில் சுயநீதியைத் தேடச் சொல்லியிருப்பாரா?

நற்கிரியைகள் தேவையில்லை என்று சொல்லவில்லை. எபேசியர் 2:8-10 வரிசையைத் தெளிவாக்குகிறது: கிருபையினால் இரட்சிப்பு, அதன் பிறகு நற்கிரியைகள்.

விசுவாசமும் கிரியையும் குறித்துச் சபைகளுக்குள் வேறுபாடு உண்டு, சரி. ஆனால் கிருபையில்லாமல் சொந்தக் கிரியைகளால் ஒருவர் நீதிமானாக முடியாது என்று 1547-ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கமும் அறிவித்தது. தசமபாகம் தவறியதால் இரட்சிப்பு போய்விட்டதென்று யாராவது உங்களை மிரட்டினால், பிலிப்பியர் மூன்றாம் அதிகாரம் முழுவதையும் அவரோடு சேர்ந்து வாசியுங்கள்.