ரிலவா செய்த குற்றத்துக்கு வந்துராவுக்குத் தண்டனை

2025 மார்ச் 15, காலை 8 மணி முதல் 8.05 வரை இலங்கை முழுக்க வளவுகளில் விலங்கு எண்ணினார்களே, ஞாபகம் இருக்கும். அந்த எண்ணிக்கையின் துல்லியத்தை விட்டுவிடுவோம். 8.01க்கு உங்கள் பலாவில் இருந்த குரங்குக் கூட்டம் 8.04க்குப் பக்கத்து வளவில் இருக்கும், இரண்டு வீட்டுக்காரரும் எழுதியிருப்பார்கள். எனக்கு உறுத்துவது வேறு: பயிரைக் கெடுப்பவை என்று போட்ட பட்டியலில் ரிலவா என்ற செங்குரங்கோடு வந்துரா என்ற மந்தியையும் சேர்த்தது.

இரண்டும் ஒன்றல்ல. ரிலவா செம்பழுப்பு, உச்சந்தலையில் குல்லாய் மாதிரி மயிர், தரையில் தாராளமாக நடக்கும், குசினிக்குள் புகுந்து கன்னப்பையில் அடைத்துக்கொண்டு ஓடும். கறுப்பு வந்துரா, அதாவது ஊதாமுக மந்தி, இலை தின்னி. கருங்கபில உடல், வெளிறிய தாடி, உடலைவிட நீண்ட வால். கன்னப்பையே கிடையாது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. சங்கப் பாட்டில் ‘முசு’ என்று வருகிறதே, அந்த வம்சம்.

இதன் இரைப்பை அறை அறையாகப் பிரிந்தது. நார்ச்சத்தை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் புளிக்கவைத்துக் கொடுக்கும். அதனால்தான் கனிந்த வாழைப்பழமும் பிஸ்கட்டும் நீட்டுவது தப்பு. சீனி வேகமாகப் புளித்து அமிலமும் வாயுவும் கூடும், வயிறு ஊதும். பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் தப்பு தப்புதான்.

நான்கு கிளையினங்களில் மேல் மாகாணத்தையும் அதை ஒட்டிய ஈரவலயத்தையும் சேர்ந்தது அழிவின் விளிம்பில் நிற்கிறது. உலகில் மிக ஆபத்திலுள்ள 25 முதனிகளின், அதாவது குரங்கு வகைகளின், பட்டியலில் 2004 முதல் பலமுறை இடம்பெற்றுவிட்டது. லபுகம, களட்டுவாவ, இங்கிரிய பக்கம் மழைக்காடு கொஞ்சம் மிச்சம். மற்றபடி நாட்டு மக்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நெருங்கி வாழும் மாகாணத்தில், பாணந்துறை, பிலியந்தலைப் பக்கத்துப் பலாவையும் மாவையும் ரம்புட்டானையும் நம்பித்தான் அதன் வாழ்க்கை.

“ஓடு உடைக்குதே?” உடைக்கும், மறுக்கவில்லை. ஏன் என்று பாருங்கள். மரத்துக்கு மரம் தாவிப் போகிற பிராணி அது, தரையில் இறங்க அஞ்சும். காணியை 10 பேர்ச்சாகத் துண்டுபோட்டு நடுவிலுள்ள மரங்களை வெட்டினால் மிச்சமிருக்கும் வழி கூரையும் மின்கம்பியும்தான். கூரைக்கு வரும் என்று பயந்து இன்னொரு கிளையை வெட்டுவோம், அடுத்த மாதம் இன்னும் இரண்டு ஓடு போகும். கம்பியில் போகும்போது ஒரு வெற்றுக் கம்பியை மட்டும் பிடித்தால் தப்பலாம், இரண்டைச் சேர்த்துத் தொட்டால் முடிந்தது. தரையில் இறங்கினால் நாயும் வாகனமும்.

பிடித்துக் காட்டில் விடுவதும் தீர்வில்லை. அங்கே ஏற்கனவே ஒரு கூட்டம் எல்லை வைத்திருக்கும். விடியற்காலையில் ஆண் மந்தி போடும் சத்தமே அந்த எல்லை அறிவிப்புத்தான்.

செய்யக்கூடியது கயிற்றுப் பாலம். அவை ஏற்கனவே கடக்கும் இடத்தை ஒரு வாரமாவது காலையிலும் மாலையிலும் பார்த்துக் குறித்த பிறகுதான் கட்ட வேண்டும்; வசதியான இடத்தில் கட்டினால் சீண்டாது. ஒற்றைக் கயிறு ஆடும், குட்டி தூக்கிய தாய் தயங்கும். ஏணி மாதிரிப் பின்னியது நல்லது. லொறிக் கூரைக்கு நல்ல உயரத்தில், மின்கம்பியிலிருந்து விலகி இருக்க வேண்டும். அடிமரத்தில் இறுக்கிக் கட்டினால் மரம் பருக்கும்போது கயிறு பட்டைக்குள் புதைந்து கிளையே காயும். பழைய டயர்த் துண்டை அணைகொடுத்துத் தளர்வாகக் கட்டுங்கள். உடனே ஏறாது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டியிருக்கும். நைலோன் வெயிலில் இற்றுப்போகும் என்பதால் ஒவ்வொரு வருடமும் மே மழைக்கு முன் இழுத்துப் பார்த்துவிட வேண்டும். மின்சாரம் வழங்குபவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த இடத்தில் மட்டுமாவது வெற்றுக் கம்பியை எடுத்துவிட்டு, உறையிட்ட முறுக்குக் கம்பி போடச் சொல்லுங்கள்.

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண்பனை வெட்ட அனுமதி வேண்டும். காணி பிரிக்கிறவர்கள் அதை வெறும் கடதாசி வேலையாக நினைக்காமல், எல்லையோரப் பலாவை நிற்க விட்டுவிட்டு வேலியை அரையடி தள்ளிப் போடலாம்.