புளியந்தீவுக்குப் பெயின்ட் மட்டும் போதாது

மட்டக்களப்பு நகரின் நடுவில் இருக்கிற புளியந்தீவில் எங்கள் பழைய கடையைப் போன கிழமை திறக்க அரை மணித்தியாலம் போனது. சாவி கையில்தான் இருந்தது, பூட்டுத் துருப்பிடித்து இறுகிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் தேங்காயெண்ணெய் ஊற்றித் திறந்து தந்தார். உள்ளே வௌவால் எச்சம், அப்பப்பாவின் மேசை, மேலே தகரக் கூரை. 1978 நவம்பர் 23 சூறாவளியில் ஓடெல்லாம் பறந்துபோனதாம். 'இப்போதைக்கு' என்று தகரம் போட்டார்கள். இரண்டு தரம் மாற்றியாயிற்று, இன்னும் தகரந்தான்.

எங்கள் கடை மட்டுமில்லை. புளியந்தீவில் மேல்மாடி யன்னல் பலகை தொங்குகிற, நிலையில் ஆலங்கன்று முளைத்த கட்டடங்களை நடந்துகொண்டே எண்ணலாம். மாவட்டச் செயலகமான கச்சேரியும் கோட்டைக்குள்ளிருந்து திராய்மடுவுக்குப் போன பிறகு போட்டோக்கொப்பிக் கடைகள்கூடக் காற்று வாங்குகின்றன. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை அது. பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துவிட்டு நேரே பாசிக்குடாக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். இடையில் குந்தி ஒரு பிளேன்டீ குடிக்க ஆளை இழுக்கிற மாதிரி ஒரு பழைய கட்டடமாவது திறந்திருக்கிறதா?

அண்மையில் இந்தப் பழைய தெருக்களை அழகாக்குவது பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கலர் வரைபடம் காட்டினார்கள். தரைக்குப் பூட்டுக் கல், வீதிக்கு அலங்கார விளக்கு, கடை முகப்புகளுக்கு ஒரே நிறப் பெயின்ட். கூரையைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டேன், 'அது உரிமையாளர் பாடு' என்றார்கள். சரி, தேத்தண்ணியும் வடையும் நல்லாயிருந்தது.

கடைக்கு ஒரு வயதான மேசனைக் கூட்டிப் போனேன். அவர் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் வெறும் டப்பா மாதிரி வந்தது. கரண்டி நுனியால் நெம்பினார், பாய் அகலத்துக்குச் சீமந்துப் பூச்சு அப்படியே கழன்று விழுந்தது. பின்னால் செங்கல் ஈரமாக, தொட்டால் மாவாகக் கொட்டியது. நக்கிப் பார்த்தால் உப்பு. (பார்த்தேன்.)

'மனே, செவருக்கு மூச்சு முட்டுது' என்றார்.

விசயம் இதுதான். அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுற்றிவர வாவி, நிலத்து ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சென்றால் ஏறிய ஈரம் வெளியே காய்ந்துபோகும். நாங்கள் 'பலமாக இருக்கட்டும்' என்று சீமந்து பூசி வழியை அடைத்துவிட்டோம். ஈரம் உள்ளேயே நிற்க, உப்பு கல்லைத் தின்கிறது. அதற்கு மேல் பெயின்ட் அடித்தால் இரண்டு மாரி தாங்காது. காசைச் செலவழிப்பதென்றால் முதலில் கூரை, பிறகு சீமந்தைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசுவது. அந்த வேலை தெரிந்த மேசன்மார் இருக்கும்போதே பிள்ளைகள் சிலரை அவர்களுடன் சேர்த்துவிட வேண்டும்.

கொழும்பில் டச்சு ஆஸ்பத்திரியைத் திருத்தி 2011இல் கடைத்தொகுதியாகத் திறந்தார்களே, அப்படி இங்கேயும் செய்யலாம் என்கிறார்கள். அது அரசாங்கத்துச் சொத்து, ஒரு கையெழுத்தோடு வேலை முடியும். இங்கே எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதப்பட்டுவிடும். கடை? யாருக்கும் எழுதாமல் அப்படியே கிடக்கும். அப்பப்பா போனார், அப்பா போனார், இப்போது எங்கள் கடைக்குப் பதினொரு பங்காளிகள். நாலு பேர் வெளிநாட்டில். கூரை மாற்றவே பதினொரு பேரும் சம்மதிக்க வேண்டும். நீதிமன்றம் ஏறிப் பங்கு பிரிக்கப் போனால் என் பேரன் காலத்தில் தீர்ப்பு வரலாம். வரைபடம் போடுகிறவர்கள் முதலில் ஒரு சட்டத்தரணியை உட்கார வைத்து, இப்படிக் கிடக்கிற சொத்து உறுதிகளைச் சீராக்க உதவட்டும்.

மேல்மாடிகளில் ஆட்களும் குடியிருக்க வேண்டும். கடை பூட்டின பிறகு மேலே ஒரு லைட் எரிந்தால், மீன் பொரிக்கிற மணம் வந்தால், அந்தத் தெருவில் எட்டு மணிக்கும் நடக்கலாம். எல்லாவற்றையும் காலி நகரத்துக் கோட்டை மாதிரி ஹோட்டலாக்கிவிட்டால் நாங்களே வெளியே நின்றுதான் பார்க்க வேண்டிவரும்.

நான் கூரைக்கு ஓடு விலை கேட்டுவிட்டேன். பங்காளிகள் ஒன்பது பேர் ஓம் என்றுவிட்டார்கள். பத்தாவது ஆள் கனடாவில் இருக்கிற சித்தப்பா மகள். நேற்று வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள்: 'அண்ணா, நமக்கு டவுனுக்குள்ள கடை இருக்கா?'