கேமரா முன் அமர்பவரின் அடையாளத்துக்கு யார் பொறுப்பு?

வெப்கேமில் நேரலை நடத்தும் வயதுவந்தோர் தளங்களைப் பற்றி நம் குடும்பங்களில் எவரும் வாய் திறப்பதில்லை; அதனாலேயே அங்கு யாருடைய அடையாளம் எதற்காகச் சரிபார்க்கப்படுகிறது என்பதும் பேசப்படாமல் போகிறது. அண்மைக்கால விவாதம் பெரும்பாலும் பார்ப்பவரின் வயதைப் பற்றியது. 2025 ஜூலை 25 முதல் பிரிட்டனில் ஆபாசத் தளங்கள் பார்வையாளரின் வயதைக் கண்டிப்பாகச் சோதிக்க வேண்டும். மீறினால் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு அல்லது உலகளாவிய வருவாயில் 10 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

இது தேவையே. ஆயினும் என்னை அதிகம் உறுத்துவது கேமராவுக்கு முன்னால் இருப்பவரின் நிலை. பாலியல் காட்சிகளில் தோன்றுவோரின் அடையாள ஆவணத்தைப் பார்த்துப் பதிவேட்டில் வைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். முதன்முறை மீறுவோருக்கே 5 ஆண்டுவரை சிறை உண்டு. மாஸ்டர்கார்டு நிறுவனமும் 2021 அக்டோபர் முதல், தோன்றும் ஒவ்வொருவரின் வயதையும் அடையாளத்தையும் உறுதிசெய்யாத தளங்களுக்குத் தன் அட்டைவழிப் பணம் செல்லக்கூடாது என்று விதித்தது. ஆனால், கணக்குத் தொடங்கும் நாளில் ஒருவருடைய அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, பின்னர் அதே கணக்கில் வேறொரு பெண்ணை, ஒருவேளை மிரட்டலுக்கு ஆளான சிறுமியையே, உட்கார வைக்க முடியுமென்றால் அந்தச் சோதனைக்கு என்ன மதிப்பு? பதிவான காணொளியை வெளியிடுமுன் ஒருவர் பார்த்துவிடலாம். நேரலைக்கு அந்த அவகாசம் இல்லை. ஆகவே ஒவ்வொரு நேரலைக்கு முன்பும், திரையில் புதிதாக யார் நுழைந்தாலும், முகத்தை ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். சந்தேகம் எழுந்த கணமே ஒளிபரப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தோடு மனிதர்கள் கண்காணிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவைத் தளங்கள்தான் ஏற்க வேண்டும்.

அதே கண்டிப்பு ஆவணக் காப்பிலும் இருக்க வேண்டும். 2025இல் டிஸ்கார்டு என்ற உரையாடல் செயலியின் வெளிச் சேவை நிறுவனம் ஒன்றின் வழியாக ஏறத்தாழ 70,000 பயனர்களின் அடையாள ஆவணப் படங்கள் கசிந்திருக்கக்கூடும் என்று தெரியவந்தது. வெப்கேம் தொழிலில் உள்ள ஒரு பெண்ணுக்கு இப்படி நேர்ந்தால் உண்மைப் பெயரும் வீட்டு முகவரியும் அந்நியர் கைக்குப் போய்விடும். மிரட்டல் அவருடைய பெற்றோரின் கதவையே தட்டும்.

அடையாள அட்டை எண்ணைத் தேவையின்றி வாங்கக்கூடாது என்று 2019 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் நாம் கடைப்பிடித்துவரும் கட்டுப்பாடு, இந்த அச்சத்தை நமக்குப் புரியவைக்கப் போதுமானது. இணையப் பாதுகாப்பு விதிகளை மீறும் சமூக ஊடகத் தளங்களுக்கு இங்கு 10 லட்சம் வெள்ளிவரை அபராதம் உண்டு. அடையாளத்தைச் சரிபார்க்கத் தவறிய தளத்துக்கு எவ்வளவு தண்டனையோ, வாங்கிய ஆவணத்தைக் கசியவிட்ட தளத்துக்கும் அதே அளவு தண்டனை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆவணங்கள் எத்தனை ஆண்டு இருக்கும், யார் திறந்து பார்க்கலாம், எந்த நாளில் அழிக்கப்படும் என்பவற்றை, கேமரா முன் அமர்பவர் தம் அட்டையை நீட்டுவதற்கு முன்பே அவருக்கு எழுத்தில் கொடுக்கவும் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.