அனுப்பினது கூட சரி, அதுக்கப்புறம் பேசினீங்க பாருங்க

மூணு நாளா வாயைத் திறக்காமல்தான் இருந்தேன். தன் நட்சத்திர வீரன் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸ் டீமுக்கு மாற்றிவிட்ட மேனேஜர் நிக்கோ ஹாரிசனை, அமெரிக்க பாஸ்கெட்பால் டீமான டாலஸ் மேவரிக்ஸ் வீட்டுக்கு அனுப்பிய செய்தி வந்ததும் எல்லாரும் மீம் போட்டுக் கொண்டாடினீர்கள். நானும் நாலைந்துக்கு லைக் போட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். ஒருத்தருக்கு வேலை போனதில் குதிக்க எனக்கு மனசு வரவில்லை (அவர் வாங்கிய சம்பளத்துக்கு அவர் பிழைத்துக்கொள்வார், அது வேறு). ஆனால் நேற்று ராத்திரி அந்தப் பதிவு. எது என்று நம்ம ஆட்களுக்குத் தெரியும், என்னையும் அதில் டேக் பண்ணியிருந்தீர்கள், மகிழ்ச்சி. "டீல் போட்ட விதம் தப்புதான், ஆனா லூகா பத்தி சொன்னதுல என்ன பொய்? குண்டாத்தானே இருந்தான்? டிரேட் ஆனதும் ரோஷம் வந்து இளைச்சான். ஒரு வகையில் அவன் ஹாரிசனுக்கு நன்றி சொல்லணும்."

நன்றி சொல்லணுமாம்.

எழுத ஆரம்பிக்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் வந்து இதையே பிடித்துத் தொங்குவீர்கள். டிரேட் பண்ணுவதே பாவம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அமெரிக்க லீகான என்.பி.ஏ.வில் யாரையும் எப்போதும் மாற்றலாம், அவர்கள் டீம், அவர்கள் காசு. அனுப்புங்கள், தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அனுப்பி முடித்த கையோடு, ஆள் பெட்டியைக் கூடக் கட்டி முடிக்காதபோது, "அவன் உடம்பு அப்படி, அவன் சாப்பாடு இப்படி, அவனை நம்பி எப்படிப் பணம் போடுவது" என்று பத்திரிகைகளில் வரிசையாகக் கசிந்ததே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

2025 பிப்ரவரி 2, நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் இருக்கும். நான் கறிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். டிரேட் செய்திகளை முதலில் உடைக்கும் ஷம்ஸ் சரானியாவின் பதிவு போனில் வந்தது. லூகா டோன்சிச் லேக்கர்ஸுக்கு, அந்தோணி டேவிஸ் டாலஸுக்கு. அவர் கணக்கை யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன், உலகம் பூராவும் அப்படித்தான் நினைத்தது, கடைசியில் அவரே "உண்மைதான்" என்று இன்னொரு பதிவு போடவேண்டி வந்தது. "அண்ணே எலும்போடவா, தனிக்கறியா" என்று கடைக்காரர் மூன்று தடவை கேட்டிருக்கிறார். என்ன சொன்னேன் என்று தெரியவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் வெறும் ஈரல். அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை.

சரி, யாரை அனுப்பினார்கள்? லூகாவை உரிமையோடு அவன் இவன் என்றுதான் எழுதுவேன், மன்னிக்கவும். ஸ்லோவேனியாவில் லியூப்லியானாவில் பிறந்து, 13 வயதில் வீட்டை விட்டு, மொழி தெரியாத மாட்ரிட்டுக்குப் போனவன். 16 வயதில் ரியல் மாட்ரிட் சீனியர் டீமில் இறங்கி, முதல் ஷாட்டே மூன்று பாயின்ட். 18 வயதில் கோரன் டிராகிச்சோடு சேர்ந்து, இருபது லட்சம் பேர் மட்டுமே இருக்கிற அந்தக் குட்டி நாட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் மோதுகிற யூரோபாஸ்கெட் கோப்பை. 19 வயதில், ஐரோப்பிய கிளப்புகள் மோதுகிற யூரோலீக் கோப்பை, அதோடு அந்த வருடத்தின் சிறந்த வீரர் பட்டமும். பெரிய பெரிய ஆட்களோடு மோதி வாங்கியது அத்தனையும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டுத்தான் 2018 டிராஃப்டில் (என்.பி.ஏ. டீம்கள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற நாள்) யோசித்தார்கள். "வேகம் பத்தாது, குதிக்க மாட்டான், உடம்பு ஒரு மாதிரி." ஃபீனிக்ஸ் கோச் இகோர் கோகோஷ்கோவ்தான் முந்தின வருடம் இவனை வைத்து ஸ்லோவேனியாவுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், அந்த ஃபீனிக்ஸே முதல் இடத்தில் வேறு ஆளை எடுத்தது. சாக்ரமென்டோவில் முடிவெடுக்கிற நாற்காலியில் இருந்தவர் விளாடே டிவாச், அவரே ஐரோப்பாவிலிருந்து போய்க் கஷ்டப்பட்ட செர்பியர், அவரும் எடுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் அட்லாண்டா எடுத்து டாலஸுக்குக் கைமாற்றியது. அதே அட்லாண்டாவில், 2024 ஜனவரியில், 33 ஷாட்டில் 25 போட்டு 73 பாயின்ட் அடித்துவிட்டு வந்தான். பழிவாங்கினான் என்றெல்லாம் நான் சொல்லவில்லை, ஸ்கோர்போர்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

இந்தக் குண்டு, இந்தச் சோம்பேறிதான் 2020லிருந்து 2024 வரை ஐந்து வருடம் தொடர்ந்து ஆல்-என்.பி.ஏ. முதல் டீமில், அதாவது லீகின் சிறந்த ஐந்து பேரில், இருந்தவன். நியூயார்க்குக்கு எதிராக 60 பாயின்ட், 21 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், அந்த லீகின் சரித்திரத்திலேயே அதற்கு முன் யாரும் செய்யாதது. அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளை இன்னொரு தடவை பாருங்கள், ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே தவறவிட்டு, திரும்பி வந்த பந்தைக் கூட்டத்துக்குள் புகுந்து பிடித்துச் சமன் செய்தான். ஃபீனிக்ஸோடு 2022 பிளேஆஃப் தொடரின் ஏழாவது ஆட்டம், பாதி ஆட்டம் முடியும்போது அந்த டீம் மொத்தமும் எடுத்தது 27, இவன் ஒருத்தன் எடுத்தது 27. 2024இல் டீமை ஃபைனலுக்கே கூட்டிக்கொண்டு போனான். எட்டு மாதம் கழித்து, கெண்டைக்கால் தசையில் காயத்தோடு உட்கார்ந்திருந்தவனை ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பினார்கள். அவனுக்கு வயது 25.

"டிஃபென்ஸ் ஆட மாட்டான்." சரி, நிறைய நேரம் ஆட மாட்டான். "ரெஃப்ரியோடு சண்டை." ஆமாம், எனக்கே எரிச்சல் வரும். பாஸ்டனோடு ஃபைனலின் மூன்றாவது ஆட்டத்தில் ஆறு ஃபவுல் வாங்கி வெளியே போனபோது நான் ரிமோட்டைச் சோஃபாவில் எறிந்தேன். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன், போதுமா? அதற்காக? டிஃபென்ஸ்தான் கோப்பை வாங்கித் தரும் என்று ஹாரிசன் சொன்னார். வாங்கித் தந்ததா? டேவிஸ் டாலஸுக்கு இறங்கிய முதல் ஆட்டத்திலேயே காயம். ஹாரிசனை வேலையை விட்டு எடுத்தபோது டீம் 3 வெற்றி 8 தோல்வி, அப்போதும் டேவிஸ் காயத்தில்தான் இருந்தார். டேவிஸைக் குறை சொல்லவில்லை, காயம் யார் கையில் இருக்கிறது. ஆனால் ஒருத்தனின் உடம்பை நம்ப முடியாது என்று சொல்லித்தானே இன்னொருத்தரை வாங்கினீர்கள்?

இன்னொன்று. உழைப்பு என்றால் என்ன என்று சொல்ல வந்த ஓனர் பாட்ரிக் டூமான்ட், தினமும் கடுமையாக உழைத்தவர்களுக்கு உதாரணமாக ஜோர்டன், பேர்ட், கோபி, அப்புறம் ஷாக் என்று பட்டியல் போட்டார். ஷாக்! சீசன் ஆரம்பித்த பிறகுதான் ஆடி ஆடி உடம்பை மெல்ல மெல்லத் தேற்றிக்கொண்டவர் என்று உலகத்துக்கே தெரிந்த ஷகீல் ஓ'நீல். படித்துவிட்டுப் பத்து நிமிஷம் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.

ஐரோப்பாவிலிருந்து வந்தவன் என்றால் இந்த ஒரு பாட்டைக் கேட்காமல் போக முடியாது போல. டிராஜென் பெட்ரோவிச்சைப் போர்ட்லாண்டில் பெஞ்சில் உட்கார வைத்து வேடிக்கை பார்த்தார்கள். டோனி குகோச் சிகாகோவுக்கு வருவதற்கு முன்பே, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், சிகாகோவின் ஜோர்டனும் பிப்பனும் அவரைக் குறிவைத்து வறுத்தெடுத்தார்கள், அவர் செய்த தப்பு சிகாகோ மேனேஜருக்கு அவரைப் பிடித்துப்போனது. யோகிச்சின் பெயரை 2014 டிராஃப்டில் 41ஆவதாகப் படித்தபோது டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொளதொள உடம்புக்காரர்தான் சீசனின் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. பட்டத்தை மூன்று தடவை வாங்கினார். டிர்க் நோவிட்ஸ்கியை எத்தனை வருடம் "மென்மையான ஆள்" என்றார்கள்? 2011 ஃபைனலில் காய்ச்சலோடு ஆடி ஜெயித்தவரை, இருமுவது மாதிரி நடித்து லெப்ரானும் வேடும் கேமரா முன்னால் கிண்டல் பண்ணினார்கள். கோப்பையை டிர்க்தான் தூக்கினார். 21 சீசன், ஒரே டீம், அதே டாலஸ். அவர் பக்கத்தில் ஒரு சீசன் ஆடி, அவர் விட்ட இடத்தை அப்படியே பிடித்தவன் லூகா. லூகா லேக்கர்ஸுக்காக முதன்முதலில் இறங்கிய அன்று லாஸ் ஏஞ்சலஸ் வரை போய் உட்கார்ந்து பார்த்தார் டிர்க். அதற்கு மேல் அவர் என்ன பேச வேண்டும்?

"நீ டாலஸைப் பார்த்திருக்கியா? உனக்கு ஏன் இவ்வளவு வலிக்குது?" இதைக் கேட்பீர்கள் என்று தெரியும், ஒருத்தர் கேட்டும் விட்டார். பார்த்ததில்லை. பாஸ்போர்ட்டே போன வருடம்தான் எடுத்தேன்.

வலிப்பதற்குக் காரணம் சொல்கிறேன். ஒன்பதாவது படிக்கும்போது எங்கள் பள்ளியில் பாஸ்கெட்பால் டீமில் இருந்தேன். சிமெண்ட் கோர்ட், கோடு பாதி அழிந்திருக்கும், ரிங்கில் வலை கிடையாது, அதனால் பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்பதே தினசரிப் பஞ்சாயத்து. காலை ஐந்தரைக்குப் பயிற்சி. நான் அப்போதும் குண்டு, இப்போதும் குண்டு. பி.டி. மாஸ்டர் என்னை அண்டா என்றுதான் கூப்பிடுவார், நானும் சிரித்துக்கொண்டே "சார்" என்று ஓடிப் போவேன். ஓடத்தான் முடியாது, ஆனால் ரிங்குக்குக் கீழே நின்றால் என்னைத் தாண்டி யாரும் பந்தை எடுக்க முடியாது, அது அவருக்கும் தெரியும். மாவட்டப் போட்டிக்கு என் பெயரும் இருந்தது. 11ஆம் நம்பர் ஜெர்சி. முந்தின நாள் சாயங்காலம் அம்மா அதை அலசிக் கொடியில் போட்டிருந்தார்.

ராத்திரி எட்டரை இருக்கும். எனக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கிற பையன் சைக்கிளில் வந்து வாசலில் நின்றான். "அண்ணே, மாஸ்டர் ஜெர்சியை வாங்கிட்டு வரச் சொன்னார்." எதற்கு என்று கேட்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. காயவில்லை, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே பிழிந்து கையில் கொடுத்தேன், அவன் அதை ஹேண்டில்பாரில் போட்டுக்கொண்டு போனான்.

அதுகூடப் பரவாயில்லை. யாரை ஆட வைப்பது என்பது அவர் முடிவு. திங்கட்கிழமை பிரேயரில், தோற்றுவிட்டு வந்த டீமை வரிசையாக நிற்க வைத்து, "நல்லவேளை அண்டாவைக் கூட்டிட்டுப் போகல, அவன் மூச்சு வாங்குறதுக்கே தனியா ஒரு பஸ் வேணும்" என்று மைக்கில் சொன்னார். பள்ளி மொத்தமும் சிரித்தது. என்னிடம் ஒருநாள்கூடத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பைக் குறைடா, இத்தனை மாசம் டைம் தருகிறேன் என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் குறைத்திருப்பேனா தெரியாது. ஆனால் சொல்லவில்லை.

அதனால்தான் "இளைத்தான் பார், அப்போ சொன்னது சரிதானே" என்பதைப் படித்ததும் எனக்குக் கை நடுங்கியது. லூகா இளைத்ததை ஹாரிசன் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். டாலஸில் இருந்திருந்தால் ஐந்து வருடத்துக்குச் சுமார் 345 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கிடைத்திருக்கும், ஆகஸ்ட்டில் லேக்கர்ஸோடு போட்டது மூன்று வருடம், 165 மில்லியன். டாலஸில் அப்போதுதான் வீடு வாங்கியிருந்தான் வேறு. இதற்கும் சேர்த்து நன்றி சொல்லச் சொல்லலாமா? கோடீஸ்வரனுக்கு அழுகிறாயே என்பீர்கள். ஆமாம், அழுகிறேன். பணம் இருந்தால் அசிங்கப்படுத்தலாமா? ஆட்டக்காரர்களும்தானே டீமை விட்டு ஓடுகிறார்கள் என்று ஒருத்தர் கேட்டிருந்தார், ஓடுகிறார்கள், அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம், இன்றைக்கு என்னை விடுங்கள்.

ஏப்ரல் 9, டாலஸுக்கு எதிராளியாகத் திரும்பி வந்த அந்த ஆட்டம். நமக்கு அதிகாலை, வீட்டில் எல்லாரும் தூக்கம், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். ஆட்டத்துக்கு முன் அவனுடைய பழைய ஆட்டங்களைத் திரையில் ஓட்டினார்கள். பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன் அழுதான், துண்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. அப்புறம் எழுந்து போய் 45 பாயின்ட் போட்டான். அன்றைக்கு அவன் இளைத்திருக்கவில்லை ஐயா. அதே உடம்புதான். 2025 அக்டோபரில் தொடங்கிய சீசனில் முதல் இரண்டு ஆட்டத்தில் 43, 49 போட்டதற்கு "பார், உடம்பு குறைந்ததும் எப்படி ஆடுகிறான்" என்று எழுதினீர்களே, அந்த 45 எந்த உடம்பு? அந்த 73 எந்த உடம்பு?

நீண்டுவிட்டது, தெரியும். பதிவு போட்டவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் ஒன்றும் இல்லை, அன்ஃபிரெண்ட் பண்ணவும் மாட்டேன். அதற்குக் கீழே யார் யார் சிரித்திருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு தடவை திறந்து பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி சைக்கிளில் வந்து ஜெர்சி வாங்கிக்கொண்டு போன பையன் என் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறான், இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. அவனும் ஹாஹா போட்டிருந்தான்.