பொய் அம்பலமான பிறகு வரைந்த படங்கள்

யூத வெறுப்புக் கார்ட்டூன்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "அதெல்லாம் அந்தக் காலத்து நகைச்சுவை, இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது" என்று ஒருவர் வந்துவிடுகிறார். எனக்கு இதை ஏற்கவே முடியவில்லை.

பிரான்ஸின் டிரைஃபஸ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃபிரெட் டிரைஃபஸ் ஒரு ராணுவ கேப்டன், யூதர். ஜெர்மனிக்கு ரகசியம் கொடுத்தார் என்று 1894இல் கைது செய்தார்கள், தண்டித்தார்கள், கடல் தாண்டி சாத்தான் தீவில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆனால் அதற்கு ஆதாரமாகக் காட்டிய கடிதத்தை எழுதியது எஸ்டெர்ஹாஸி என்ற வேறொரு அதிகாரி. 1898 ஜனவரியில் நாவலாசிரியர் எமில் ஸோலா இதைப் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே போட்டு உடைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், டிரைஃபஸுக்கு எதிரான முக்கிய ஆவணத்தைப் போலியாகத் தயாரித்தது தான்தான் என்று ராணுவ உளவுப் பிரிவின் கர்னல் ஆன்ரி ஒப்புக்கொண்டு, மறுநாளே சிறையில் கழுத்தை அறுத்துக்கொண்டு செத்தார். ஊருக்கே தெரிந்த செய்தி.

இதற்கு அப்புறம்தான், 1899 கடைசியில், வி. லெனெப்வூ என்ற பெயரில் 'கோரங்களின் அருங்காட்சியகம்' என்று வண்ணச் சுவரொட்டிகள் பாரிஸில் வரிசையாக வர ஆரம்பித்தன. எல்லாம் ஒரே பாணி, மிருக உடம்பில் மனிதத் தலை. டிரைஃபஸ் பல தலைப் பாம்பு, உடம்பில் வாள் குத்தியிருக்கிறது, கீழே 'துரோகி' என்று எழுத்து. ஸோலா பன்றி, பிரான்ஸின் வரைபடத்தில் மலத்தைப் பூசிக்கொண்டிருக்கிறார். யூத வங்கியாளர்களான ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தாரையும் விடவில்லை.

தேதிகளைக் கவனியுங்கள். உண்மை தெரியாமல் ஏமாந்து வரைந்த படம் இல்லை இது. ஆதாரம் பொய் என்று தெரிந்த பிறகும் அவர் துரோகிதான் என்று வரைய முடிந்தது என்றால், அந்த வெறுப்புக்கு ஆதாரம் எப்போதுமே தேவைப்படவில்லை என்றுதானே அர்த்தம்? வரலாற்றுச் சான்று என்று நான் சொல்வது இதைத்தான். அந்தப் படத்திலிருந்து டிரைஃபஸைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது. வரைந்தவனையும் வாங்கிப் போனவனையும் பற்றி எல்லாமே தெரிந்துவிடும்.

ஏதோ ஒரு ஓவியனின் வக்கிரம் என்று ஒதுக்கவும் முடியாது. ட்ரூமோன் நடத்திய யூத வெறுப்புப் பத்திரிகை, போலி தயாரித்த அதே ஆன்ரியின் மனைவிக்காக நிதி திரட்டியபோது சுமார் 25,000 பேர் பணம் கொடுத்தார்கள், 1,31,000 பிராங்க் சேர்ந்தது. ராணுவ அதிகாரிகள், பாதிரியார்கள், மாணவர்கள், தொழிலாளர்கள் என்று எல்லாத் தரப்பும் இருந்தது. பலர் பணத்தோடு யூதர்களைத் திட்டி ஒரு வரியும் எழுதி அனுப்பினார்கள், அதுவும் அச்சில் வந்தது. அந்த வரிகளையும் சுவரொட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே வாய்தான் பேசுகிறது.

அதே காலத்தில்தான் டிரைஃபஸுக்காகத் தெருவில் இறங்கியவர்களும், அவமானப்பட்டவர்களும், ஸோலாவைப்போல வழக்கு வாங்கி நாட்டைவிட்டே ஓட வேண்டி வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே. அவர்களுக்குத் தெரிந்த அநியாயம் லெனெப்வூவுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்?

அதனால் இந்தப் படங்களைப் பூட்டி வைக்கச் சொல்கிறவர்களோடும் நான் உடன்படவில்லை. காட்டுங்கள். ஆனால் படத்தை மட்டும் தனியாக வெட்டிப் போடாதீர்கள், அப்படிப் போட்டால் அது மறுபடி பழைய வேலையைத்தான் செய்யும். எந்த ஆண்டு வந்தது, ஆன்ரி ஒப்புக்கொண்டது எப்போது, டிரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906இல் நீதிமன்றம் சொன்னது, இவ்வளவும் படத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும்.