டாக்டருக்கா, நர்சிங்குக்கா? அக்கா மகளுக்குச் சொன்னது

என் அக்கா மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மனநலத் துறையில்தான் வேலை செய்வேன் என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறாள். மனச்சிதைவு நோயோடு வாழ்ந்த அப்பாத்தாவுடன் ஒரே வீட்டில் வளர்ந்தவள் என்பதால், அது மேலோட்டமான ஆசையல்ல என்பது எனக்குத் தெரியும். நீட் மதிப்பெண் போதவில்லை. "இன்னொரு வருஷம் படிச்சு டாக்டருக்கே போகட்டுமா சித்தி, இல்ல உங்களை மாதிரி நர்சிங் சேரட்டுமா?" என்று போன வாரம் கேட்டாள். பத்தொன்பது ஆண்டுகளாக மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கும் நான் அவளிடம் சொன்னவற்றை, இதே கேள்வியோடு இருக்கும் மற்ற பிள்ளைகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

எம்.பி.பி.எஸ். என்பது பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். அதன் பிறகு முதுநிலை நீட் எழுதி, மனநல மருத்துவத்தில் எம்.டி. மூன்று ஆண்டுகள். இடையில் ஓர் ஆண்டுகூட வீணாகவில்லை என்றாலும் எட்டரை ஆண்டுகள் ஆகும். அப்போதும் தரவரிசை இடம் கொடுத்தால்தான் மனநலத் துறை கிடைக்கும். இளநிலைப் படிப்புக்குள் மனநலப் பிரிவில் செலவிடும் காலம் சில வாரங்களே. ஆகவே பிரசவமும் அறுவை சிகிச்சையும் உடற்கூறியலும் படிக்க மனமில்லாத ஒருவர், மனநலத்துக்காக மட்டும் அந்தப் பாதையில் இறங்கினால் மிகவும் சோர்ந்துபோவார். பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். அதன் பிறகு மனநலச் செவிலியத்தில் ஓராண்டுப் பட்டயமோ, ஓராண்டுப் பணி அனுபவத்துக்குப் பின் இரண்டாண்டு எம்.எஸ்சி.யோ படிக்கலாம். ஆனால் இங்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. மனநலத்தில் சிறப்புப் பயிற்சி பெற்ற செவிலியரைப் பணிச் சுழற்சி என்ற பெயரில் அறுவை சிகிச்சை வார்டுக்கு அனுப்புவது நம் மருத்துவமனைகளில் சாதாரணமாக நடக்கிறது. என் தோழிகள் சிலருடைய பயிற்சி அப்படித்தான் பயன்படாமல் போனது.

ஆண்டுக் கணக்கை மட்டும் வைத்து இதை முடிவு செய்யக் கூடாது என்பதுதான் நான் அவளிடம் அழுத்திச் சொன்னது. இரண்டு வேலையிலும் ஒவ்வோர் இயலாமை இருக்கிறது. அவற்றில் எதை நாள்தோறும் தாங்க முடியும் என்பதை அவள் தன்னையே கேட்டுப் பார்க்க வேண்டும்.

செவிலியரின் இயலாமையை நான் அறிந்தது ஓர் இரவுப் பணியில். இருபது வயதுப் பையன் ஒருவனுக்கு முந்தைய நாள் ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்தை ஊசியாகப் போட்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு அவன் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கண்கள் மேலே செருகின. பிள்ளைக்குப் பேய் பிடித்துவிட்டது என்று அவன் அம்மா அலறினார். அது அந்த மருந்தின் பக்கவிளைவு என்பது பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. அதைச் சரிசெய்யும் ஊசி இரண்டடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. ஆனால் மருத்துவரின் உத்தரவில்லாமல் அதைப் போடும் உரிமை எனக்கில்லை. பணி மருத்துவர் வேறொரு அவசரத்தில் இருந்தார். அவர் வந்து சேர நாற்பது நிமிடங்கள் ஆயின. ஊசி போட்ட சிறிது நேரத்தில் கழுத்து தளர்ந்துவிட்டது. அந்த நாற்பது நிமிடங்களை நான் இன்றுவரை மறக்கவில்லை. இங்கிலாந்தில் கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியர்கள் மருந்து எழுதுகிறார்கள். நம் நாட்டு மனநலச் செவிலியருக்கு அந்த உரிமை இல்லை. அதே நாற்பது நிமிடங்களில் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இது பேயல்ல, மருந்தால் வந்தது, சரியாகிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொன்னதும் நான்தான். அவர் பயந்துபோய் அன்றே மகனை அழைத்துச் சென்றிருந்தால், அவன் மறுபடி மருந்தைத் தொட்டிருக்கவே மாட்டான்.

மருத்துவரின் இயலாமை வேறு. நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. புறநோயாளிகள் வரிசை வாசல்வரை நிற்கும்போது, எவ்வளவு நல்ல மருத்துவரானாலும் ஒருவருக்குச் சில நிமிடங்களே கொடுக்க முடிகிறது. மனச்சோர்வுக்காக எங்கள் வார்டில் சேர்ந்திருந்த விவசாயி ஒருவர் மூன்றாம் வாரம் நன்றாகச் சாப்பிட்டார், தூங்கினார், காலைச் சுற்றில் சிரித்துப் பேசினார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் நினைத்தார். அன்று மாலை அந்த விவசாயி தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, விடைபெறுவதுபோலப் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கொடுத்ததைப் பார்த்தது வார்டில் இருந்த எங்கள் செவிலியர். மனச்சோர்வு குறையத் தொடங்கி உடலில் தெம்பு திரும்பும் அந்த நாட்களில்தான் தற்கொலை ஆபத்து கூடக்கூடும் என்பது எங்கள் பயிற்சியில் முதலில் கற்பவற்றுள் ஒன்று. அவரை அனுப்புவது தள்ளிவைக்கப்பட்டது. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கும் நேரம் மருத்துவருக்கு வாய்ப்பதில்லை, அது அவருடைய குற்றமும் அல்ல.

அதிகாரத்தின் கனத்தையும் அவளுக்குச் சொன்னேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். இன்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. தவிர்க்க முடியாத நேரத்தில் ஒருவரைக் கட்டுப்படுத்துவதற்கான அனுமதியை மனநல மருத்துவரே தர வேண்டும். அந்தக் கையெழுத்தின் பொறுப்பை ஏற்க விரும்புகிறவரும், மருத்துவமனை நடக்கும் விதத்தையே மாற்ற விரும்புகிறவரும் மருத்துவம் படிக்கட்டும். 1961இல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் பொறுப்பேற்று, பின்னர் 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கிய டாக்டர் சாரதா மேனன் அப்படி மாற்றிக் காட்டியவர்.

சம்பளத்தையும் நான் மறைக்கவில்லை. தனியார் மருத்துவமனைகளில் தொடக்க நிலைச் செவிலியருக்குக் கிடைப்பது மிகக் குறைவு. அது அநியாயம் என்றே எங்கும் சொல்வேன். இதைவிட என்னை வருத்துவது, நீட் கிடைக்காததற்கு ஆறுதலாக நர்சிங்கைப் பார்க்கும் மனநிலை. அப்படி வருகிறவர்கள் மருத்துவரைப் பார்க்கும்போதெல்லாம் தாங்கள் இழந்ததையே பார்க்கிறார்கள். படுக்கையில் இருப்பவர் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அந்த எண்ணம் இருந்தால் இன்னொரு முறை நீட் எழுதுவதே நல்லது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் இன்னும் முடிவு செய்யவில்லை. நர்சிங் என்றால் கலந்தாய்வுக்கு முன்பே ஒவ்வொரு கல்லூரியிலும் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். மனநலப் பயிற்சிக்கு மாணவர்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், எத்தனை வாரம், அங்கே நோயாளிகளோடு உட்கார்ந்து பேச விடுகிறார்களா, அல்லது ஓரமாக நின்று குறிப்பெடுத்துத் திரும்ப வேண்டியதுதானா? நாளை அவளும் அக்காவும் முதல் கல்லூரிக்குப் போகிறார்கள்.